யூனான் தீவுகளுக்கு ஒரு குடும்பப் பயணம்



‘யூனானி’ என்னும் சொல் நம் இல்லங்களுக்குப் புதியதன்று. மூட்டு வலித்தால் ரோகன், உடல் தளர்ந்தால் மஃஜூன் என்று ஹகீம் கட்டிக் கொடுத்த பொட்டலங்களோடு வளர்ந்தவர்கள் நம்மில் பலர். ஆனால், ‘யூனானி’ என்றால் என்னவென்று எத்தனை பேர் கேட்டிருப்போம்? அரபு மொழியில் கிரேக்க நாட்டின் பெயர் யூனான். அயோனியா என்னும் பழைய கிரேக்கப் பகுதியின் பெயரே அங்கு யூனான் என்றாயிற்று. அதே பெயர் வடமொழி வழியே வந்து நம் சங்கத் தமிழில் ‘யவனர்’ என்றாயிற்று.

அந்த யூனான் நாட்டுக்கு 2024ஆம் ஆண்டு மே மாதம் எங்கள் குடும்பம் சென்று வந்தது. ஒரு மதரஸா ஆசிரியனின் ஊதியத்தில் இயலும் காரியமன்று இது. வளைகுடாவில் பணிபுரியும் என் தம்பி, பல ஆண்டுகள் சிறுகச் சிறுகச் சேர்த்த தொகை. உம்மாவின் ஹஜ்ஜுக் கடமை முன்னரே நிறைவேறிவிட்டது. இனி, நடக்க முடிகிற காலத்திலேயே அவர்களை ஒருமுறை பேரப்பிள்ளைகளோடு கடல் கடந்து அழைத்துச் செல்ல வேண்டும் என்பது அவனது ஆசை. உம்மாவுக்கு வயது 68. இரண்டு முழங்கால்களிலும் வலி. பிள்ளைகள் நால்வர். தம்பிக்கு விடுப்போ பத்து இரவுகள் மட்டுமே.

தம்பி அனுப்பிய முதல் திட்டத்தில் ஆறு தீவுகள் இருந்தன: மைக்கோனோஸ், டீலோஸ், நாக்ஸோஸ், சாண்டோரினி, கிரீட், ரோட்ஸ். தாளை நான் உரக்கப் படித்து முடித்ததும் உம்மா ஒன்றே ஒன்று கேட்டார்கள்: “ஏன் வாப்பா, ஊர் பார்க்கப் போறோமா, பெட்டி கட்டி அவுக்கப் போறோமா?”

அந்தக் கேள்வியால் ஆறு தீவுகள் இரண்டாயின. அதனால் நாங்கள் இழந்தது எது, அடைந்தது எது என்பதை, இத்தகைய பயணத்தை எண்ணியிருக்கும் குடும்பங்களுக்குப் பயன்படும் எனக் கருதி இங்கே எழுதுகிறேன்.

கிளையைத் தேர்ந்தெடுங்கள்

கிரேக்க நாட்டில் சிறியதும் பெரியதுமாகச் சுமார் 6,000 தீவுகளும் திட்டுகளும் உள்ளன. மக்கள் வாழ்பவை 200-க்குச் சற்று அதிகம். வரைபடத்தில் அவை அருகருகே தோன்றும். பயணத் திட்டம் தீட்டுவோர் முதலில் ஏமாறும் இடம் இதுதான்.

ஏதென்சுக்கு அருகிலுள்ள பிரேயஸ் துறைமுகத்திலிருந்து புறப்படும் கப்பல்கள், ஒரு மரத்தின் கிளைகளைப் போல வெவ்வேறு தீவுக் கூட்டங்களுக்குப் பிரிந்து செல்கின்றன. ஒரே கிளையிலுள்ள தீவுகளுக்கிடையே போக்குவரத்து எளிது. ஒரு கிளையிலிருந்து மறு கிளைக்குச் செல்ல வேண்டுமானால், பெரும்பாலும் அடிமரத்துக்கே திரும்பி வர வேண்டும். அல்லது வாரத்தில் ஓரிரு நாள் மட்டும் வரும் கப்பலுக்குக் காத்திருக்க வேண்டும்.

மற்றொரு கணக்கும் உண்டு. ஒவ்வொரு முறை தீவு மாறும்போதும் அரை நாள் போய்விடுகிறது. அறையைக் காலி செய்து, முன்னதாகவே துறைமுகத்தில் நின்று, கடல் கடந்து, இறங்கி, அடுத்த அறையைக் கண்டடைவதற்குள் வெயில் சாய்ந்துவிடும். தம்பியின் திட்டத்தில் இப்படி ஆறு மாற்றங்கள். பத்து நாளில் மூன்று நாட்கள் பெட்டிகளோடு கழிந்திருக்கும். உம்மா கணக்குப் போட்டுச் சொல்லவில்லை. ஆனால் சரியாகச் சொன்னார்கள்.

எனவே இதை ஒரு விதியாகவே கொள்ளுங்கள்: ஒரே கிளை; ஒரு தீவில் மூன்று இரவுகளுக்குக் குறையாத தங்கல். பத்து இரவுகளுக்கு இரண்டு தீவுகள் போதும். இரண்டு வாரங்கள் கிடைத்தால் மூன்று.

எந்தக் கிளை என்பது உங்கள் விருப்பம். சைக்ளடீஸ் கூட்டத்தில் மைக்கோனோஸிலிருந்து அரை மணி நேரப் படகுப் பயணத்தில் டீலோஸ் இருக்கிறது. ஒரு காலத்தில் வணிகத்தால் செழித்த அத்தீவு, கி.மு. 88-லும் 69-லும் சூறையாடப்பட்டு அழிந்தது. இன்று பயணிகள் எவரும் அங்கே இரவு தங்க அனுமதியில்லை. சாண்டோரினியில், ஏறத்தாழ 3,600 ஆண்டுகளுக்கு முன் எரிமலைச் சாம்பலில் புதைந்த அக்ரோதிரி என்னும் ஊரை 1967 முதல் அகழ்ந்து வருகின்றனர். கிரீட் தீவிலோ, 1900-ல் ஆர்தர் எவன்ஸ் தோண்டத் தொடங்கிய நோஸஸ் அரண்மனை உள்ளது. அத்தீவு ஒன்பதாம் நூற்றாண்டின் முற்பகுதியிலிருந்து 961 வரை அரபு அமீர்களின் ஆட்சியில் இருந்தது. இன்றைய ஹெராக்லியன் நகரை அவர்கள் அகழி எனப் பொருள்படும் ‘கன்தக்’ என்ற சொல்லால் அழைத்தனர். ஆனால் கிரீட் 250 கிலோமீட்டருக்கு மேல் நீளமுடையது. அதைத் தனிப் பயணமாக வைத்துக்கொள்வதே நன்று.

நாங்கள் தேர்ந்தது டோடெகனீஸ் கிளை. அதில் கோஸ், ரோட்ஸ் என்னும் இரு தீவுகள். காரணம் இரண்டு. யூனானி மருத்துவத்தின் மூலவர் என்று நாம் போற்றும் ஹிப்போக்ரேட்டீஸ் பிறந்த மண் கோஸ். மேலும், இவ்விரு தீவுகளிலும் இன்றளவும் முஸ்லிம்கள் வாழ்கின்றனர். 1923-ல் கிரேக்கமும் துருக்கியும் தத்தம் நாட்டுச் சிறுபான்மையினரைப் பரிமாறிக்கொண்டபோது, இத்தீவுகள் இத்தாலியின் கையில் இருந்தன. ஆகவே இங்கிருந்த முஸ்லிம்கள் அப்பரிமாற்றத்துக்கு உட்படாமல் தம் மண்ணிலேயே தங்கிவிட்டனர். 1947-ல்தான் இத்தீவுகள் கிரேக்கத்துக்கு வந்தன.

காலமும் காற்றும்

நம் பள்ளிகளின் கோடை விடுமுறை இப்பயணத்துக்கு நன்றாகவே பொருந்துகிறது. மே மாதம் அங்கே வெயில் இதமாக இருக்கும், கூட்டம் குறைவு. ஜூலை, ஆகஸ்ட் மாதங்களைத் தவிர்ப்பது நல்லது. அப்போது வடக்கிலிருந்து ‘மெல்தெமி’ என்னும் காற்று நாட்கணக்கில் வீசும். விரைவுப் படகுகளே முதலில் நிற்கும். வெப்பமும் கடுமை. 2023 ஜூலையில் நண்பகல் நேரத்தில் ஏதென்ஸின் அக்ரோபொலிஸ் குன்றையே மூடிவைத்தார்கள். அதே மாதம் ரோட்ஸில் பரவிய காட்டுத்தீயால் ஏறத்தாழ 19,000 பேர் வெளியேற்றப்பட்டனர். குளிர்காலத்திலோ தீவு விடுதிகள் பல மூடிக்கிடக்கும்.

மே முதல் நாள் தொல்லியல் இடங்கள் அனைத்தும் மூடப்பட்டிருக்கும். கிரேக்கத் திருச்சபையின் ஈஸ்டர் பெருநாள் ஏப்ரலிலோ மே முதல் வாரத்திலோ வரும். அந்த நாட்களில் கப்பல்களில் இடம் கிடைப்பது அரிது. தேதியைப் பார்த்துவிட்டுப் பயணச்சீட்டு வாங்குங்கள்.

விசா வேலைகள்

கிரேக்கம் ஷெங்கன் நாடுகளில் ஒன்று. விண்ணப்பத்தைப் பயணத்துக்கு ஆறு மாதங்கள் முன்பிருந்தே அளிக்கலாம். கடைசி நேரம் வரை தள்ளிப்போடாதீர்கள். பெரியவர்களுக்கு விசாக் கட்டணம் 90 யூரோ. ஆறு முதல் பன்னிரண்டு வயதுக்குட்பட்ட பிள்ளைகளுக்கு 45 யூரோ. ஆறு வயதுக்குக் கீழ் கட்டணமில்லை. குறைந்தது 30,000 யூரோவுக்கான மருத்துவக் காப்பீடு கட்டாயம். வளைகுடாவில் வசிப்போர் தாம் வசிக்கும் நாட்டிலிருந்தே விண்ணப்பிக்க வேண்டும். எங்கள் தம்பி குடும்பத்தார் அங்கும், நாங்கள் இங்கும் விண்ணப்பித்தோம். இரு தரப்பிலும் பயணத் தேதிகளும் விடுதிப் பதிவுகளும் ஒத்திருக்க வேண்டும் என்பதில் கவனம் தேவை.

அறைகளைப் பதியும்போது, ரத்து செய்தால் பணம் திரும்பக் கிடைக்கும் அறைகளையே தேர்ந்தெடுங்கள். காரணம் பின்னால் வருகிறது.

உணவும் தொழுகையும்

கிரேக்கத் தெருக்கடைகளில் சுழன்று வேகும் இறைச்சி பெரும்பாலும் பன்றி இறைச்சியே. பார்வைக்கு ஆட்டிறைச்சி போலிருக்கும், ஏமாந்துவிடாதீர்கள். ‘ஹோரிஸ் ஹிரினோ’ என்றால் பன்றி இறைச்சி இல்லாமல். ‘ஹோரிஸ் க்ராஸி’ என்றால் மது இல்லாமல். இவ்விரு தொடர்களையும் எங்கள் பிள்ளைகள் விமானத்திலேயே மனப்பாடம் செய்துவிட்டனர். மீனும் இறாலும் தாராளமாகக் கிடைக்கும். ஆயினும் குழம்பில் மது சேர்ப்பதுண்டு, கேட்டு உண்ணுங்கள். திராட்சை இலையில் சோறு பொதிந்த ‘டோல்மா’, மசித்த பருப்பு, தக்காளியில் வெந்த பெரிய அவரைக்கொட்டை, தயிர், ஆலிவ் எண்ணெய் என்று பசியாறப் பல உண்டு. டோல்மாவில் இறைச்சி சேர்த்துச் செய்வதும் வழக்கம் என்பதை மறவாதீர்கள்.

கிப்லா அங்கே தென்கிழக்கு. கோடையில் பகல் மிக நீளமானது. ஏதென்ஸில் ஜூன் மாதம் சூரியன் மறைய இரவு ஒன்பதை நெருங்கிவிடும். இஷாவுக்குக் காத்திருந்தால் சிறு பிள்ளைகள் உறங்கிவிடுவர். பயணத் திட்டத்தோடு தொழுகைச் சட்டமும் இணைந்தது என்பதை நினைவிற்கொள்க. ஷாஃபிஈ மத்ஹபில், வந்த நாளும் புறப்படும் நாளும் நீங்கலாக ஓரிடத்தில் நான்கு நாட்கள் தங்க எண்ணிவிட்டால் கஸ்ரு இல்லை. ஹனஃபி மத்ஹபில் அந்த எல்லை 15 நாட்கள். சேர்த்துத் தொழும் சலுகையும் ஷாஃபிஈ மத்ஹபினருக்கு உண்டு. ஹனஃபிகள் பயணத்தில் அவ்வாறு சேர்ப்பதில்லை. கப்பலேறும் நேரத்தைத் தெரிவு செய்யுமுன் உங்கள் ஊர் ஆலிமிடம் இதைத் தெளிவாக்கிக் கொள்ளுங்கள்.

ஏதென்ஸில் இரண்டு இரவுகள்

முதல் இரண்டு இரவுகள் ஏதென்ஸில் தங்கினோம். அக்ரோபொலிஸ் குன்றின் மீதுள்ள பார்த்தினான் ஆலயம் கி.மு. 447-ல் தொடங்கப்பட்டது. பிற்காலத்தில் அது கிறிஸ்தவ தேவாலயமாயிற்று. உஸ்மானியர் காலத்தில் பள்ளிவாசலாயிற்று. 1687-ல் முற்றுகையின்போது, வெடிமருந்துக் கிடங்காயிருந்த நிலையில் வெனிஸ் படையின் குண்டு விழுந்து சிதறியது. ஒரு கட்டடத்தின் தூண்களிடையே இத்தனை ஆட்சிகளும் வந்து போனதை எண்ணுகையில், முன்னோர் விட்டுச் சென்ற தடங்களைப் பூமியில் நடந்து பார்க்குமாறு திருமறை நம்மைத் தூண்டுவதன் பொருள் விளங்குகிறது.

2023 முதல் அங்கே நாளொன்றுக்கு 20,000 பேர் மட்டுமே. மணி குறித்த அனுமதிச்சீட்டை முன்கூட்டியே பெற வேண்டும். காலையில் முதல் மணியைத் தேர்ந்தெடுங்கள். சலவைக்கல் தேய்ந்து வழுக்கும்; பிடிப்புள்ள காலணி அவசியம். நடக்க இயலாதவர்களுக்கு 2020 முதல் அங்கே மின்தூக்கி உள்ளது. முன்னதாகவே விசாரித்து வைத்ததால் உம்மாவும் மேலே வந்தார்கள்.

ஜும்ஆவுக்கு இடம் தேடுவோருக்கு ஒரு செய்தி: ஏதென்ஸில் அரசு கட்டிய பள்ளிவாசல் 2020 நவம்பரில்தான் திறக்கப்பட்டது. மினாரா இல்லாத எளிய கட்டடம்.

விமான நிலையத்திலிருந்து பிரேயஸ் துறைமுகம் வரை, 2022 முதல், வண்டி மாறாமல் மெட்ரோ ரயிலிலேயே செல்லலாம். அங்கிருந்து மூன்றாம் இரவு பெரிய கப்பலில் புறப்பட்டுக் காலையில் கோஸில் இறங்கினோம். இரவுக் கப்பலில் ஓர் அறை எடுத்தால் ஒருநாள் விடுதிச் செலவு மிச்சம், பகலும் வீணாகாது. முதியவர்களுக்குக் கட்டில் வேண்டும். இருக்கைச் சீட்டு வேண்டாம்.

கோஸில் காற்று தடுத்த நாள்

கோஸ் நகரத்திலிருந்து ஏறத்தாழ நான்கு கிலோமீட்டர் தொலைவில், குன்றின் சரிவில் மூன்று அடுக்குகளாக அஸ்க்லிபியோன் என்னும் பண்டைய மருத்துவத் தலத்தின் இடிபாடுகள் உள்ளன. 1902-ல் அது மீண்டும் கண்டறியப்பட்டது. முதல் நாள் நாங்கள் போனபோது உம்மா கீழ் அடுக்கிலேயே அமர்ந்துவிட்டார்கள். நாங்கள் மட்டும் ஏறிப் பார்த்துவிட்டு, நேரமாயிற்று என்று இறங்கிவிட்டோம்.

நான்காம் நாள் காலை ரோட்ஸுக்கு விரைவுப் படகு. துறைமுகத்துக்குப் போனால், பலத்த காற்றினால் படகுகள் எவையும் புறப்படா என்றார்கள். இது மே மாதத்திலும் நேரக்கூடியது. அதை மறுக்க மாட்டேன். தம்பியின் முகம் வாடியது. நான் முதல் தாளை எண்ணிப் பார்த்தேன். ஆறு தீவுத் திட்டமாயிருந்தால், அந்த ஒரு நாள் தவறியதில் அடுத்தடுத்த படகுகளும் அறைகளும் சீட்டுக்கட்டு போல் சரிந்திருக்கும். ரத்தான கப்பலுக்குப் பதில் வேறு கப்பலில் இடமோ கட்டணமோ பெற உரிமையுண்டு. விடுதி, விமானம் ஆகியவற்றின் நட்டமோ நம்மைச் சார்ந்தது. எங்களுக்கு ரோட்ஸில் மூன்று இரவுகள் இரண்டாயின, அவ்வளவே. அந்த அறையும் ரத்து செய்யக்கூடியதாக இருந்தது.

கையில் ஒரு முழுநாள் இருந்தது. மீண்டும் அஸ்க்லிபியோனுக்கே போனோம். இம்முறை அவசரமில்லை. பத்துப் படி ஏறுவதும், நிழலில் அமர்வதுமாக உம்மா மேலடுக்கு வரை வந்துவிட்டார்கள். அங்கிருந்து பார்த்தால் கீழே பசுமை, அதற்கப்பால் கடல், கடலுக்கு அப்பால் துருக்கிக் கரை.

அங்கே பிள்ளைகளுக்கு ஒரு பாடமே நடந்தது. ஹிப்போக்ரேட்டீஸ் கி.மு. 460 அளவில் இத்தீவில் பிறந்தவர். அரபியில் அவர் புக்ராத். நாம் காணும் இக்கட்டடங்கள் அவருக்குப் பின் எழுந்தவை. கிரேக்கர் தம் மருத்துவத் தெய்வத்துக்கு எழுப்பியவை. ஆனால் அவர் பெயரால் வழங்கும் நூல்கள் வேறு வழி காட்டின. வலிப்பு நோயும் மற்ற நோய்களைப் போல இயற்கைக் காரணத்தால் வருவதே, தெய்வச் சீற்றமன்று என்று அவற்றுள் ஒன்று வாதிடுகிறது. அந்த நூல்களையும் ஜாலினூஸின் நூல்களையும் ஒன்பதாம் நூற்றாண்டில் பக்தாதில் மொழிபெயர்த்தவர்களுள் தலைசிறந்தவர் ஹுனைன் இப்னு இஸ்ஹாக். அவர் ஒரு கிறிஸ்தவர். அவரை ஆதரித்தவர்கள் அப்பாஸிய கலீஃபாக்கள். பின்னர் இப்னு ஸீனா தம் ‘கானூன்’ நூலில் அக்கல்வியைத் தொகுத்து வளர்த்தார். அது பாரசீகம் வழியாக இந்தியா வந்து, நம் ஊர் ஹகீமின் நாடி பிடிக்கும் விரல்களில் தங்கியது. சென்னை அரும்பாக்கத்தில் அரசு யூனானி மருத்துவக் கல்லூரியில் இன்றும் கற்பிக்கப்படுகிறது.

“பல்கம் கூடியிருக்கிறது, ஸஃப்ரா கூடியிருக்கிறது என்று ஹகீம் சொல்வாரே, அந்தப் பேச்சு இங்கிருந்து கிளம்பியதுதான்” என்றேன். உம்மா எதுவும் சொல்லாமல் கைப்பையைத் திறந்து, முழங்காலுக்குத் தேய்க்கும் ரோகன் சீசாவை எடுத்தார்கள். தம்பியின் மகள் சீசாவின் மேலிருந்த எழுத்தைப் படித்துவிட்டுக் கைதட்டினாள்: “வாப்பும்மா, உங்க மருந்து சொந்த ஊருக்கு வந்திருக்கு!”

உம்மா சிரித்தார்கள். “எத்தனை பேர் கை மாறி நம்மகிட்ட வந்திச்சோ, அவங்களுக்கெல்லாம் துஆ செய்யுங்க” என்றார்கள்.

அந்த நாள் எங்கள் திட்டத் தாளில் இல்லை. ஆனால் பயணம் முழுவதிலும் பிள்ளைகள் இன்றும் பேசும் நாள் அதுவே.

திரும்பும் வழியில் பிளாதானி என்னும் சிற்றூர். துருக்கி மொழி பேசும் முஸ்லிம் குடும்பங்கள் வாழும் இடம், உணவகங்களும் உண்டு. ஸலாம் சொன்னோம், முகம் மலர்ந்த பதில் வந்தது. இறைச்சி எத்தகையது என்று கேட்டுத் தெளிந்த பின்னரே உண்டோம். 2017 ஜூலை நிலநடுக்கத்தில் கோஸ் நகரின் பழைய பள்ளிவாசல்கள் சேதமுற்றன. ஒன்றின் மினாரா விழுந்தது. அதைப் பற்றியும் அங்கே பேச்சு வந்தது.

ரோட்ஸில் இரண்டு இரவுகள்

ரோட்ஸின் பழைய நகரம் 1988 முதல் உலகப் பாரம்பரியச் சின்னம். சிலுவை வீரர்களின் வழிவந்த ஒரு துறவியர் படை 200 ஆண்டுகளுக்கு மேல் ஆண்ட இந்நகரை 1522-ல் சுல்தான் சுலைமான் வென்றார். அவர் பெயரிலான பள்ளிவாசலுக்கு எதிரே, 1793-ல் நிறுவப்பட்ட ஹாஃபிஸ் அஹ்மத் ஆகா நூலகம் இருக்கிறது. சிறிய முற்றம், உள்ளே கையெழுத்துச் சுவடிகள். வாணிபக் கூச்சல் நிறைந்த தெருவில் அந்த முற்றத்தின் அமைதியை மறக்க இயலாது. தொழுகைக்குப் பழைய நகரிலேயே உள்ள இப்ராஹீம் பாஷா பள்ளியை விசாரித்துச் செல்லுங்கள்.

நகரிலிருந்து சுமார் 50 கிலோமீட்டரில் லிண்டோஸ். கடலை நோக்கிய பாறையுச்சியில் பண்டைய ஆலயத்தின் தூண்கள். படிகள் அதிகம், நிழல் இல்லை. உம்மாவும் என் மனைவியும் கீழேயுள்ள ஊரில் தங்க, இளையவர்கள் மட்டும் ஏறினோம். எல்லாரும் எல்லாவற்றையும் பார்த்தாக வேண்டும் என்பதில்லை.

ரோட்ஸிலிருந்து ஏதென்சுக்கு ஒரு மணி நேர விமானம். தாயகம் திரும்பும் விமானத்துக்கு முந்தைய இரவை ஏதென்ஸிலேயே கழித்தோம். இதைக் கண்டிப்பாகக் கடைப்பிடியுங்கள். தீவிலிருந்து இறங்கிய அன்றே நெடுந்தூர விமானத்தைப் பிடிக்க நினைப்பது, காற்றை நம்பிக் கடன் வாங்குவதற்கு ஒப்பாகும்.

சுருக்கமாகச் சொன்னால்

ஏதென்ஸில் இரண்டு இரவு. கப்பலில் ஓர் இரவு. இரு தீவுகளிலும் ஆறு இரவு. மீண்டும் ஏதென்ஸில் ஓர் இரவு. ஆகப் பத்து. இக்கணக்கை உங்கள் குடும்பத்துக்கேற்ப மாற்றிக்கொள்ளுங்கள். மருந்து எண்ணெய், தைலம் போன்றவற்றைப் பெரிய பெட்டியில் வையுங்கள். கைப்பையில் 100 மில்லிக்கு மேற்பட்ட சீசாவைப் பல விமான நிலையங்களில் அனுமதிப்பதில்லை.

பயணத் திட்டம் போடுகையில், வீட்டிலுள்ள மூத்தவரின் கால்களையும் இளையவரின் தூக்கத்தையும் முதலில் எண்ணுங்கள். தீவுகளைப் பிறகு எண்ணலாம். நாங்கள் விட்டுவந்த தீவுகள் அங்கேயே இருக்கும். உம்மாவின் முழங்கால்கள் மட்டும் ஆண்டுக்காண்டு தளர்ந்துகொண்டே போகும்.

உங்கள் பயணங்களையும் வல்ல அல்லாஹ் எளிதாக்கி, சுகமாக வீடு சேர்ப்பானாக!